வாடை இறங்கியாச்சுன்னா வலை கரையில... 92 நாளில் கடலுக்குப் போவது எத்தனை நாள்? ராமேசுவரம் மீனவர்களின் ஐப்பசி கணக்கு

ராமநாதபுரம்:

ஐப்பசி பிறந்தால் ஊருக்கெல்லாம் மழை வருமா, வராதா என்ற கவலை. ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் மீனவர்களுக்கு கவலையே வேற. காற்று எந்தப் பக்கம் இருந்து வருது, எத்தனை நாள் நிக்கும் என்பதுதான் அவர்கள் பேச்சு. காலையில் டீக்கடையில் பேப்பரைப் புரட்டினால் முதலில் தேடுவது வானிலை செய்திதான். "மணிக்கு 35 முதல் 45 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 55 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும். மீனவர்கள் கடலுக்கு செல்ல வேண்டாம்" என்று ஒரு வரி இருந்தால் போதும். அன்றைக்கு டோக்கன் கிடையாது. டோக்கன் இல்லை என்றால் கடல் இல்லை. கடல் இல்லை என்றால் கூலி இல்லை. அவ்வளவுதான்.

ஆண்டுதோறும் வருவதுதானே, இதில் என்ன புதுசு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் ஒரு மீனவக் குடும்பம் எப்படி ஓடுகிறது என்ற கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அந்தக் கணக்கு காற்றில் தொடங்குகிறது.

பெண் கடல் ஆணாகும் மாதம்

ராமேசுவரம் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்று பார்த்தால் இரண்டும் சேருவது கண்ணுக்கே தெரியும். வடக்கே அமைதியாகக் கிடக்கும் கடலை பெண் கடல் என்றும், தெற்கே அலை அடிக்கும் கடலை ஆண் கடல் என்றும் இந்தப் பக்கம் சொல்வது வழக்கம்.

ஆனால் இந்தப் பேச்சு எல்லா மாதத்துக்கும் பொருந்தாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு சும்மா கிடக்கும். ஐப்பசியில் காற்று திரும்பி வடகிழக்கில் இருந்து வாடை இறங்கியதும் எல்லாம் தலைகீழ். பெண் கடல் ஆணாகி விடும். தெற்கே தீவின் மறைவில் கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பாக் ஜலசந்தி பெரிய ஆழம் கிடையாது. சராசரியாகப் பார்த்தால் 9, 10 மீட்டர்தான். மூன்று மாடி வீட்டின் உயரம் அளவுக்குக்கூட தண்ணீர் இல்லாத இடம் நிறைய. கோடியக்கரை பக்கம் வங்கக் கடலைப் பார்த்து வாய் திறந்து கிடக்கிறது. வடகிழக்கில் இருந்து வரும் காற்று அந்த வாய் வழியாக நேராக உள்ளே புகுந்து விடும். ஆழம் இல்லாத தண்ணீரில் காற்று அடித்தால் அலை நீளமாக உருண்டு வராது. குட்டை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து அடிக்கும். ஆழ்கடலில் பெரிய அலை ஏறி இறங்கிப் போகும் படகுகூட இந்தக் குட்டை அலையில் திணறும். பைபர் படகு, வள்ளம் என்றால் கேட்கவே வேண்டாம்.

காற்று மட்டும் அல்ல, நீரோட்டமும் இந்த மாதங்களில் திரும்பி விடுகிறது. மீனவர்கள் பாஷையில் நீவாடு. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் தெற்கில் இருந்து வடக்கே போகும் ஓட்டம், ஐப்பசிக்குப் பிறகு வடக்கில் இருந்து தெற்கே இறங்கும். ஆந்திரா, சென்னை பக்கத்து மழைத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் எல்லாம் கலந்து உப்பு குறைந்த நீர் கரையை ஒட்டி கீழே வரும். அதில் ஒரு பகுதி பாக் ஜலசந்தி வழியாக பாம்பன் கால்வாயையும், ராமர் பாலத்து மணல் திட்டுகளின் இடைவெளிகளையும் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் போகும். காற்றும் நீவாடும் ஒரே பக்கம் இழுத்தால், விரித்த வலை விரித்த இடத்தில் நிற்காது. சுருண்டு, முறுக்கி, பாறையில் மாட்டி நாசமாகி விடும். இந்த மூன்று மாதத்தில் மீனே படாத நாளில்கூட வலை செலவு மட்டும் வந்து நிற்பது இதனால்தான்.

வடக்கில் இருந்து தெற்குக்கு

வாடை இறங்கியதும் நாட்டுப்படகு மீனவர்கள் பலர் இடம் மாறுகிறார்கள். வடக்குக் கரையில் நிறுத்திய படகை பாம்பன் கால்வாய் வழியாக தெற்கே கொண்டு போய் விடுவார்கள். பாம்பனில் தெற்குவாடி, குந்துகால், மண்டபத்தில் கோயில்வாடி என்று தெற்குக் கரை அப்போது நிறைந்து விடும். கச்சான் காலம் வந்தால் திரும்ப வடக்கே. சிறு படகுகள் ரெயில் பாலத்துக்கு அடியிலேயே போய் விடும். பெரிய படகுகள் தூக்குப்பாலம் திறக்கக் காத்திருக்க வேண்டும். 1914-ல் கட்டிய பழைய பாம்பன் பாலத்துக்குப் பதில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில், நடுவில் 72.5 மீட்டர் நீள இரும்புப் பகுதி லிப்ட் மாதிரி அப்படியே மேலே ஏறும். கால்வாய் குறுகல். நீரோட்டம் வேகம். காற்று அடிக்கும் நாளில் அந்த இடத்தைத் தாண்டுவதே பெரிய பாடு.

எல்லோராலும் இப்படி மாற முடியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். தெற்கே சொந்தமோ, தெரிந்தவர்களோ இருந்தால் படகை நிறுத்த இடம் கிடைக்கும். இல்லாதவர்கள் வடக்குக் கரையிலேயே நங்கூரம் போட்டு விட்டு காவல் இருக்க வேண்டும். ராத்திரி காற்று ஏறினால் நங்கூரக் கயிறு அறும். ஒரு படகு இன்னொரு படகில் மோதும். இரண்டும் கரையில் ஏறி மணலில் புதையும். ராமேசுவரம் கடலில் 700-க்கும் மேற்பட்ட விசைப்படகுகள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் இது பலமுறை நடந்திருக்கிறது. கடலுக்கே போகாத நாளிலும் படகுக்காரருக்கு நஷ்டம் வருவது இப்படித்தான்.

தெற்குக் கடலிலும் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாம்பன் பக்கம் இருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். சுற்றிலும் பவளப்பாறை. 1986 முதல் அது தேசிய பூங்கா. தீவுப் பக்கம் படகை விட்டால் வனத்துறை பிடிக்கும். அமைதியான கடல் இருந்தும் ஒதுங்கிப் போக வேண்டியதுதான்.

என்ன மீன் படும்?

காற்று கெடுக்கும், அதே காற்று கொடுக்கவும் செய்யும். வாடைக் காற்றில் ஆழம் குறைந்த பாக் ஜலசந்தி அடிவரை கலங்கும். அடியில் கிடக்கும் சேற்றோடு சத்தும் மேலே வரும். கலங்கல் தண்ணீரில் இறால் நடமாட்டம் கூடும். அதனால்தான் காற்று இரண்டு நாள் அடித்து அடங்கிய மறுநாள் கடலுக்குப் போக அத்தனை போட்டி. இந்தக் கடலின் இறாலும் நீலக்கால் நண்டும் ஏற்றுமதி கம்பெனிகளுக்குப் போகும் சரக்கு. காசு அதில்தான். காரல், சூடை, சாளை எல்லாம் கூடை கணக்கு.

கணவாய் கதை வேற. கணவாய் கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் ஜாதி. தூண்டில் போட்டுப் பிடிப்பவர்களுக்கு தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினால் தூண்டில்காரர் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆக ஒரே காற்று, ஒருவருக்கு இறால் கொடுக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கு கணவாயைக் கெடுக்கும்.

கரையோரம் வேறு மாதிரி. மழை பெய்து ஆற்றங்கரை பக்கம் வைகைத் தண்ணீர் கடலுக்கு இறங்கினால் முகத்துவாரம் உயிர் பெறும். வைகை என்ன, எல்லா வருஷமுமா கடலைப் பார்க்கிறது? ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து மிச்சம் இருந்தால்தான் இங்கே வரும். வந்த வருஷம் மடவை, கொடுவா, கிழக்கன் என்று கழிமுக மீனுக்குப் பஞ்சம் இருக்காது. இறால் குஞ்சு வளர்வதற்கும் அந்த உப்பு குறைந்த தண்ணீர்தான் தொட்டில். பெரிய படகு இல்லாதவர்கள், இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலை வீசுபவர்கள், மழைக்காலத்தில் நாலு காசு பார்ப்பது இங்கேதான். தெற்குக் கரையில் கரைவலை இழுப்பவர்களுக்கும் காற்று மறைவு இருக்கும் நாளில் வேலை உண்டு. இருபது, முப்பது பேர் சேர்ந்து கயிறு இழுத்து, வந்ததைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

ஆழ்கடலில் சூரை, வஞ்சரம், பாறை எல்லாம் இந்த மாதங்களிலும் இருக்கும். போய்த் திரும்புவதுதான் பிரச்சினை. பாக் ஜலசந்திப் படகு காலையில் போனால் மறுநாள் காலையில் கரைக்கு வந்து விடும். குமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் போனால் வாரக்கணக்கில் திரும்பாது. 2017 நவம்பர் 30-ந்தேதி ஒகி புயல் அடித்தபோது மாட்டியவர்கள் அவர்கள்தான். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் செல்போன் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். தமிழகம், கேரளாவில் நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவே இல்லை. அதன் பிறகுதான் கடலில் உள்ள படகுக்குத் தகவல் சொல்ல இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவி விசைப்படகுகளில் பொருத்தும் வேலை வேகம் பிடித்தது. சின்ன நாட்டுப்படகுக்கு இன்றும் செல்போன்தான் கதி. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகும் 'கடல் ஓசை' எப்.எம். வந்த பிறகு கரையை ஒட்டி இருப்பவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மேகம் மறைக்கும் சாட்டிலைட்

ஐதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' மையம் எந்த இடத்தில் மீன் கூட்டம் இருக்க வாய்ப்பு என்று படம் போட்டு அனுப்புகிறது. கடல் மேல்மட்டத்தின் சூடு, தண்ணீரில் உள்ள பச்சைப் பாசித் துகள் இரண்டையும் சாட்டிலைட் அளந்து சொல்லும் கணக்கு அது. நல்ல திட்டம். ஆனால் மேகம் மூடி விட்டால் சாட்டிலைட்டால் கடலைப் பார்க்க முடியாது. கார்த்திகையில் வானம் முழுக்க மேகம். மீன் எங்கே என்று தெரிய வேண்டிய நேரத்தில் அந்தத் தகவல் வராது. பழையபடி காற்று, தண்ணீர் நிறம், பறவைக் கூட்டம் பார்த்துத்தான் வலை போட வேண்டும்.

கணக்கு இதுதான்

இப்போது நாள் கணக்குக்கு வருவோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள். பாக் ஜலசந்தியில் விசைப்படகுக்கு வாரத்தில் திங்கள், புதன், சனி என மூன்று நாள்தான் அனுமதி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. இரண்டு தரப்பும் அடித்துக்கொள்ளாமல் இருக்க பல ஆண்டுகளாக உள்ள ஏற்பாடு இது. அப்படியானால் 92 நாளில் விசைப்படகுக்கு கிடைப்பது 39 நாள், மிஞ்சினால் 40. ஒரு நாள்கூட காற்றே அடிக்காவிட்டால்தான் இதுவும்.

இதில் ஒரு காற்றழுத்த தாழ்வு வந்தால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை எச்சரிக்கை தொடங்கி வியாழன் வரை நீடிக்கிறது என்று வையுங்கள். நாள் ஐந்துதான். ஆனால் திங்கள், புதன் இரண்டும் போச்சு. அந்த வாரத்துக்கு மிச்சம் சனி ஒன்றுதான். அந்த சனிக்கிழமை முக்கியமான நாள். அன்று போன படகு ஞாயிறு காலையில் திரும்பும், ஞாயிறு மீனுக்குத்தான் விலை. எச்சரிக்கை இரண்டு நாள் நீண்டு சனியும் கெட்டால் அந்த வாரம் மொத்தமும் பூஜ்யம். நவம்பரில் இரண்டு, மூன்று தாழ்வு நிலை அடுத்தடுத்து வருவது சாதாரணம். அதற்கிடையில் இலங்கை கடற்படை படகைப் பிடித்தால் வேலைநிறுத்தம். அது தனி.

வருஷக் கணக்கும் பெரிதாக இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீதி 304 நாள். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் 130 நாள். அதில் இருந்து காற்று, மழை, புயல், வேலைநிறுத்தம், திருவிழா எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் யாராவது 130 நாள் வேலை, அதுவும் உறுதி இல்லை என்றால் சம்மதிப்பாரா?

கடலுக்குப் போன நாளிலும் முழுக் காசு கைக்கு வராது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எடுத்த பிறகு மிச்சம் இருப்பதில்தான் படகு முதலாளிக்கும், ஐந்தாறு தொழிலாளிக்கும் பங்கு. மீன் பாடு குறைந்தால் செலவுக்கே சரியாகி விடும். பங்கு என்று பெயர்தான். வரிவிலக்கு டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18 ஆயிரம் லிட்டரில் இருந்து 19 ஆயிரம் லிட்டராகவும், நாட்டுப்படகுக்கு 4 ஆயிரத்தில் இருந்து 4 ஆயிரத்து 400 லிட்டராகவும் உயரும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். படகு வைத்திருப்பவருக்கு அது உதவும். படகில் கூலிக்குப் போகிறவருக்கு நேரடியாக ஒன்றும் இல்லை.

நிவாரணம் எவ்வளவு?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மீன்பிடி குறைந்த காலத்துக்கு என்று குடும்பத்துக்கு 6 ஆயிரம் ரூபாய் சிறப்பு உதவித்தொகை உண்டு. சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் 3 ஆயிரம் சேர்த்து 4 ஆயிரத்து 500 ஆகத் திருப்பிக் கொடுக்கும். பெண்களுக்கும் இதே மாதிரி தனியாக உண்டு.

கணவனும் மனைவியும் இரண்டிலும் சேர்ந்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சொந்தக் காசைக் கழித்தால் அரசு கொடுப்பது 6 ஆயிரம், அதோடு 3 ஆயிரம், 3 ஆயிரம். மொத்தம் 12 ஆயிரம். 92 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு குடும்பத்துக்கே 130 ரூபாய். மனைவி பெயர் திட்டத்தில் இல்லை என்றால் 98 ரூபாய். அரிசி ரேஷனில் வந்து விடும் என்றாலும், மற்ற எல்லாவற்றையும் இந்த 130 ரூபாயில்தான் பார்க்க வேண்டும். நடுவில் தீபாவளி வேறு வருகிறது.

மிச்சத்துக்கு என்ன வழி? வியாபாரியிடம் முன்பணம்தான். தீபாவளிக்கு வாங்கிய முன்பணத்துக்கு தை மாதம் வரை மீனைக் கொடுத்துக் கழிக்க வேண்டும். முன்பணம் வாங்கியவர் விலை பேச முடியாது. சந்தையில் என்ன விலை போனாலும் அவருக்குச் சொன்னதுதான் விலை. வங்கிக் கடன் வட்டியை விட இந்தக் கண்ணுக்குத் தெரியாத வட்டிதான் பெரிது.

சந்தையும் இவர்களுக்கு ஒத்து வருவதில்லை. புரட்டாசியில் கடல் நன்றாக இருக்கும், மீன் படும், ஆனால் ஜனங்கள் கறி மீன் சாப்பிட மாட்டார்கள், விலை விழும். ஐப்பசியில் எல்லோரும் மீன் கேட்பார்கள், அப்போது படகு போகாது. கார்த்திகை பிறந்தால் அய்யப்பனுக்கு மாலை போட்டு வீட்டுக்கு வீடு சைவம். மார்கழியும் அப்படியே. விலை இருக்கும்போது மீன் இல்லை, மீன் இருக்கும்போது விலை இல்லை.

கரையில் இருக்கும் பெண்கள்

படகு நின்றால் ஆண்களுக்கு மட்டும்தான் வேலை போகிறது என்று நினைப்பது தப்பு. மீன் தரம் பிரிக்கும் பெண்கள், கூடையில் சுமந்து விற்கும் பெண்கள், நண்டு கம்பெனியில் சதை எடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் அன்று கூலி கிடையாது. கருவாடு போடுபவர்களுக்கு வெயில் வேண்டும். மழை பெய்தால் காயப்போட்டது அழுகி விடும். கடல்பாசி வளர்க்கும் பெண்கள் பாடும் இதே கதைதான். மூங்கில் மிதவையில் கட்டிய பாசியை வாடை அலை அறுத்துக்கொண்டு போய் விடும். அதனால் வடக்குக் கடலில் இந்த மாதங்களில் மிதவை போடுவதையே நிறுத்தி விடுகிறார்கள். இவர்களுக்கு எச்சரிக்கை செய்தியில் இடம் இல்லை. 'மீனவர்கள் கடலுக்கு செல்ல வேண்டாம்' என்ற வரியில் இந்தப் பெண்களின் வருமானமும் நின்று போவது யாருக்கும் தோன்றுவதில்லை.

எச்சரிக்கையை மீறலாமா?

கூடாது. இதில் இரண்டாவது பேச்சே இல்லை. 1964 டிசம்பர் 22-ந்தேதி ராத்திரி தனுஷ்கோடியை ரெயிலோடு சேர்த்துக் கடல் கொண்டு போனது இந்த வாடைக் காலத்தில்தான். 2018 நவம்பர் 16-ந்தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து டெல்டாவையே சாய்த்தது. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, ராமநாதபுரம் அருகே நகராமல் நின்று மழையைக் கொட்டியது. 2024 நவம்பர் 20-ந்தேதி புயலே இல்லாமல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டு விட்டு தமிழகக் கரையை ஒட்டி வடக்கே போனது. இத்தனையும் பார்த்த பிறகு எச்சரிக்கை கொடுக்கும் அதிகாரியைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

மீனவர்கள் கேட்பது வேறு. 'மன்னார் வளைகுடா, தென் தமிழக கடலோரம், குமரிக்கடல்' என்று மொத்தமாக ஒரு வரியில் எச்சரிக்கை வருகிறது. வடக்குக் கடலில் காற்று, தெற்கில் அடக்கம் என்று ஒரே தீவில் இரண்டு நிலை இருக்கும்போது, இரண்டு கரைக்கும் சேர்த்து தடை விழுகிறது. எந்தக் கரை, எத்தனை மைல் வரை, எத்தனை மணி வரை என்று பிரித்துச் சொன்னால் கரைவலைக்காரரும், கரையை ஒட்டித் தொழில் செய்பவரும் அன்றைக்குப் பிழைத்துக்கொள்வார்கள். இது நியாயமான கேள்வியாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒகி மாதிரி சில மணி நேரத்தில் புயலாக மாறும் தாழ்வு நிலையும் இருக்கிறது. அதை மறந்து விட்டும் பேச முடியாது.

பாம்பனில் ஏற்றும் கூண்டு எண்ணைப் பார்த்து பயப்படும் வெளியூர் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. 1, 2 என்றால் தூரத்தில் தாழ்வு மண்டலமோ புயலோ இருக்கிறது என்று அர்த்தம். 3 ஏறினால் துறைமுகத்திலேயே திடீர் காற்றும் மழையும் வரலாம். 5, 6, 7 புயல் இந்தப் பக்கம் வருகிறது. 8-க்கு மேல் போனால் கடும் புயல். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்து விட்டது. சாதாரண வாடைக் காற்றுக்கு கூண்டு ஏறவே ஏறாது, டோக்கன் மட்டும் நிற்கும்.

கடல் உள்வாங்கினால் சுனாமியா?

இதே மாதங்களில் அடிக்கடி வரும் இன்னொரு பரபரப்பு, 'கடல் உள்வாங்கியது' என்பது. ராமேசுவரம், பாம்பன், மண்டபத்தில் திடீரென தண்ணீர் பல மீட்டர் தூரம் பின்னால் போய் விடும். படகு தரை தட்டும். சங்கு, பாசி, பாறை எல்லாம் வெளியே தெரியும். 2004-ஐப் பார்த்தவர்களுக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் இங்கே நடப்பது பெரும்பாலும் காற்று வேலை. ஆழம் இல்லாத கடலில் காற்று திசை மாறினால் தண்ணீரை ஒரு கரையில் இருந்து இன்னொரு கரைக்குத் தள்ளி விடும். அமாவாசை, பவுர்ணமி வற்றமும் சேர்ந்தால் இன்னும் தூரம் போகும். சில மணி நேரத்தில் திரும்பி விடும். பதற்றம் அடங்கினாலும் நஷ்டம் இருக்கிறது. தரை தட்டிய படகை அன்று எடுக்க முடியாது. கிடைத்த ஒரு நாளும் அதில் போய் விடும்.

எல்லைக் கோடு

நாள் குறைந்தால் ஆசை கூடும். வாரத்தில் ஒரே ஒரு நாள் கடல் கிடைத்தது, அன்று வெறும் படகாகத் திரும்ப யாருக்கு மனசு வரும்? இறால் இருக்கும் பக்கம் படகு போகும். பாக் ஜலசந்தியோ குறுகல். தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் 30 கி.மீ. தூரம்தான். 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட எல்லைக் கோடு கடலில் தெரியாது, ஜி.பி.எஸ்.சில்தான் தெரியும். 2024-ம் ஆண்டில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட தமிழக மீனவர்கள் கைதானார்கள். படகு போனால் போனதுதான். அந்த ஊர் கோர்ட்டு அரசுடைமை ஆக்கி விடும்.

அந்தக் கரையில் இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான் என்பதை இங்கே பேசுகிறவர்கள் குறைவு. யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்துச் சிறு படகுக்காரர்கள் ராத்திரி போட்ட வலையை இழுவைமடி அறுத்துக்கொண்டு போனால் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியாது. இலங்கை 2017-ல் இழுவைமடிக்குத் தடைச் சட்டம் கொண்டு வந்தது இதனால்தான். இழுவைமடியை விட்டு ஆழ்கடல் சூரைத் தொழிலுக்கு மாறட்டும் என்று அதே 2017-ல் இங்கேயும் திட்டம் வந்தது. படகு விலை 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் 10 சதவீதம். 2 ஆயிரம் படகு இலக்கு. அதில் சிறு பங்குகூட நிறைவேறவில்லை. ஒரு நாளில் திரும்பிப் பழகியவர் வாரக்கணக்கில் கடலில் கிடக்க யோசிக்கிறார். 10 சதவீதம் என்பதே 8 லட்சம் ரூபாய். நாளைக்கு 130 ரூபாய் கணக்கில் ஓடும் வீட்டுக்கு 8 லட்சம் எங்கிருந்து வரும் என்பதற்கு திட்டத்தில் பதில் இல்லை.

தடைக்காலத்துக்கு 61 நாள் என்று கணக்கு இருக்கிறது, நிவாரணம் 5 ஆயிரத்தில் இருந்து 8 ஆயிரமாக 2023-ல் உயர்த்தி அறிவிக்கப்பட்டது. அது மீன் பெருக அரசு விடும் விடுமுறை. வாடைக் காலத்தில் டோக்கன் நிற்பதும் அரசு உத்தரவுதான். ஆனால் எத்தனை நாள் டோக்கன் நின்றது என்று எண்ணி, அந்த நாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முறை கிடையாது. இரண்டு நாள் நின்றாலும், இருபது நாள் நின்றாலும் அதே 6 ஆயிரம். டோக்கன் கொடுத்த நாள், கொடுக்காத நாள் இரண்டுக்கும் மீன்துறை அலுவலகத்தில் பதிவேடு இருக்கிறது. அதைப் பார்த்து நாள் எண்ண ஒரு கிளார்க் போதும்.